கயிறு எத்தனை முழம்? சுற்றுச்சூழல் பேட்டிக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு

பதினோரு கேள்விகள். அழகான கையெழுத்து, ஓரத்தில் பச்சை மையில் கோடு, ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுத மூன்று வரி இடம். எட்டாம் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து தயாரித்த தாள் அது. முதல் கேள்வி: "சுற்றுச்சூழல் மாசுபாடு பற்றி உங்கள் கருத்து என்ன?"

அந்தத் தாளோடு போய், குளத்தங்கரையில் நாற்பது வருஷமாகக் குடியிருக்கும் ஒரு பெரியவர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சுற்றுச்சூழலை நாம எல்லாரும் பாதுகாக்கணும்" என்றார். நான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கேள்விக்கு, "மரம் வளர்க்கணும்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் பேட்டி முடிந்துவிட்டது.

அந்தத் தாளைப் பார்த்துவிட்டு 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்தான். அந்தக் குளத்தில் அவர் நீந்தியிருப்பார், தூண்டில் போட்டிருப்பார், தண்ணீரின் நிறம் மாறிய நாளைப் பார்த்திருப்பார். அதில் ஒன்றுகூட எங்கள் கைக்கு வரவில்லை. பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் வாசகத்தையே அவர் வாயால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

நான் அறிவியல் ஆசிரியர். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷமாக மாணவர்களைப் பேட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ஒரே ஒரு சரக்குதான் இருக்கிறது: கருத்தைக் கேட்காமல் கண்ணால் கண்டதைக் கேட்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள்

'சுற்றுச்சூழல்' தலைப்பே அல்ல. 'நீர் மாசுபாடு' என்பதும் அகலம்தான். நான் வைக்கும் சோதனை எளிமையானது. உங்கள் தலைப்பை விரல் நீட்டிக் காட்ட முடிகிறதா? ஒரு கிணறு, ஒரு சாக்கடை, ஒரு தெருவில் உள்ள மரங்கள், உங்கள் பள்ளியில் ஒரு நாளில் சேரும் குப்பை. காட்ட முடிந்தால் அது தலைப்பு. 'பருவநிலை மாற்றம்' என்று ஒரு குழு வந்து நின்றது. "எங்கே இருக்கு, காட்டுங்க" என்றேன். ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், ஆனாலும் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, 'எங்கள் தெருவில் வெயில் காலத்தில் யார் எங்கே நிழலுக்கு ஒதுங்குகிறார்கள்' என்று கொண்டுவந்தார்கள். அந்த வருஷத்தின் சிறந்த செயல்திட்டம் அதுதான்.

யாரிடம் போவது

பேட்டி என்றாலே பதவியில் இருப்பவரைத் தேடி ஓடுகிறார்கள். அதிகாரியைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஜூன் 5 வரும் வாரத்தில் மட்டும் போகாதீர்கள். 1973இலிருந்து உலகச் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடப்படுகிறது. அந்த வாரம் எல்லாப் பள்ளிகளும் அதே மனிதர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும், அவர்களும் அலுத்துப்போய் அச்சடித்த பதிலையே எல்லோருக்கும் தருவார்கள்.

என் கணக்கு மூன்று தலைமுறை. அறுபதைத் தாண்டிய ஒருவர், நாற்பதுகளில் ஒருவர், இருபதுகளில் ஒருவர். மூவரிடமும் ஒரே கேள்விகள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1995இல் டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலையைத் தொடங்கியபோது கண்ட நிலையையே 'இயல்பு' என்று எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்பே தொலைந்துபோனது அதன் கணக்கில் வருவதில்லை. பத்து வருஷம் கழித்து, மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர்கள் 108 பேரிடம் ஆய்வாளர்கள் பேட்டி எடுத்து வெளியிட்டார்கள். அருகிப்போன மீன் வகைகள் எவை என்று கேட்டதற்கு, இளைஞர்கள் சொன்னதைப்போல் ஐந்து மடங்கு பெயர்களை முதியவர்கள் சொன்னார்கள். மீன் வற்றிப்போன இடங்களையும் நான்கு மடங்கு சொன்னார்கள். எல்லோருக்கும் அதே கடல்தான். இளைஞர்கள் பொய் சொல்லவில்லை, அந்த மீன்கள் அங்கே இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, அவர்கள் வைத்திருந்தது விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை, நல்ல கேள்விகள் மட்டும்தான் என்பது. உங்களாலும் முடியும். மூன்று தலைமுறைக்காரர்களின் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், செயல்திட்டத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

வயதோடு தொழிலையும் கலந்துகொள்ளுங்கள். தண்ணீரைப் பயன்படுத்துபவர் ஒருவர், அதைப் பராமரிப்பது வேலையாக உள்ளவர் ஒருவர், அதைச் சோதித்து அளப்பவர் ஒருவர் என்று. ஆறு பேருக்கு மேல் வேண்டாம். இருபது பேரைப் பார்த்தேன் என்று பெருமையாக வருபவர்களின் நோட்டில் ஆளுக்கு இரண்டு வரிதான் இருக்கும்.

போகும் முன் படிக்க வேண்டியது

புத்தகத்தில் கிடைப்பதை மனிதரிடம் கேட்டு அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று குளத்தங்கரைப் பெரியவரிடம் கேட்பதில் அர்த்தமில்லை. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு இருந்தது, 2013 மே மாதம் முதல்முறையாக அங்கே ஒரு நாள் சராசரி 400ஐத் தாண்டியது. இதை நூலகத்தில் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். அந்தப் பெரியவருக்கு மட்டுமே தெரிந்தது வேறு இருக்கிறது.

அதே சமயம், ஒன்றும் படிக்காமல் போனால் எதிரில் இருப்பவர் கையில் வைத்துக் காட்டினாலும் புரியாது. ஒரு முறை என் மாணவர்கள் மூன்று பேர், குப்பை பிரிக்கும் கூடத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவைப் பார்க்கப் போனார்கள். நானும் கூடப் போயிருந்தேன். "பிளாஸ்டிக்கை எப்படிக்கா பிரிப்பீங்க?" என்று ஒருவன் கேட்டான். அவர் பேசவில்லை. பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் ஒரு காலி பாட்டிலை நறுக்கிய துண்டையும் அதன் மூடியையும் சேர்த்துப் போட்டார். துண்டு மூழ்கியது, மூடி மிதந்தது. "ஆச்சா?" என்றார். மூன்று பேரும் திருதிருவென்று விழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பாட்டில் பெட் என்ற பிளாஸ்டிக், தண்ணீரைவிட அடர்த்தி அதிகம். மூடி பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், அடர்த்தி குறைவு. முக்கோணத்துக்குள் அச்சிட்டிருக்கும் எண் எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்கிறது: 1 என்றால் பெட், 2 பாலிஎத்திலீனில் ஒரு வகை, 5 பாலிப்ரோப்பிலீன். இவ்வளவு தெரிந்து போயிருந்தால், "இந்த ரெண்டும் கலந்துபோனா என்ன ஆகும்?" என்று கேட்டிருப்பார்கள். அந்த அக்காவின் பதினைந்து வருஷ அனுபவம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால்தான் இருந்தது. நான் குறுக்கே புகுந்து கேட்டிருக்கலாம். மாணவர் பேட்டியில் ஆசிரியர் வாய் திறப்பதில்லை என்று எனக்கு நானே விதி போட்டிருந்தேன். இன்றைக்கும் அது சரியா என்று தெரியவில்லை.

ஆய்வகத்தில் வேலை செய்பவரைப் பார்க்கப் போகிறீர்களா? தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் என்றால் என்ன, பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) என்றால் என்ன என்று பார்த்துக்கொண்டு போங்கள். வழக்கமான பி.ஓ.டி. சோதனையில் தண்ணீரை 20 டிகிரியில் 5 நாள் இருட்டில் வைத்திருந்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்ப்பார்கள். "இன்னிக்கே ரிசல்ட் கிடைக்குமா சார்?" என்று கேட்டு அசடு வழிய வேண்டியிருக்காது. அவரும், இவர்கள் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கேள்விகள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நான் மாணவர்களுக்குக் கொடுப்பது ஒரு வாரம்.

முதல் நாள் தோன்றுகிற கேள்விகளை எல்லாம் எழுதச் சொல்வேன். இருபது, முப்பது வரும். அடுத்த நாள், 'கருத்து', 'முக்கியத்துவம்', 'பாதுகாப்பு', 'விழிப்புணர்வு' என்ற சொற்கள் வரும் கேள்விகளை எல்லாம் அடிக்கச் சொல்வேன். பெரும்பாலும் பாதித் தாள் காலியாகிவிடும். மிஞ்சியதில், 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் முடியக்கூடியவற்றையும் அடிக்க வேண்டும். இதற்குள் ஒருத்தராவது என்னை முறைப்பார்கள்.

அடித்த கேள்விகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு பொருளுக்கோ ஒரு நாளுக்கோ இறக்கிக் கொண்டுவர வேண்டும். 'நிலத்தடி நீர் குறைவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். இறக்கு என்றேன். 'உங்கள் கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறதா?' என்று மாற்றினாள். இன்னும் இறக்கு என்றேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு வந்து காட்டினாள்: 'வாளிக்கு எவ்வளவு நீளக் கயிறு போடுவீர்கள்?'

அந்தக் கேள்வியை அவள் ஒரு பாட்டியிடம் கேட்டபோது, பாட்டி பதிலைச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்க் கயிற்றையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான்கு இடத்தில் முடிச்சு. "நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ ஆறு முழம் போதும். இந்த முடிச்சு பெரியவன் பள்ளிக்கூடம் போன வருஷம் போட்டது. இது சின்னவனுக்குக் கை உடைஞ்ச வருஷம்..." என்று ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கடைசியில் கயிறு இருபத்திரண்டு முழம். ஒரு முழத்தை 45 சென்டிமீட்டர் என்று வைத்தால், நீர்மட்டம் ஏழு மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஒரு வரைபடம் போடத் தேவையான எல்லாப் புள்ளிகளும் அந்தக் கயிற்றில் இருந்தன. மாணவி கயிற்றைப் படம் எடுத்துக்கொண்டு, முடிச்சுகளுக்கு இடையே அளவும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பாட்டி வருஷத்தைச் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். "எந்த வருஷம்?" என்று நேராகக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. வற்புறுத்தினால் ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார்கள். வெகு நாள் முன்பு நடந்ததை நேற்று நடந்தது மாதிரி முன்னால் இழுத்துச் சொல்வது நினைவின் இயல்பு. அதனால் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். "உங்க பொண்ணு பிறக்கிறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டால் சட்டென்று பதில் வரும். பெண்ணின் வயதைக் கேட்டு வருஷத்தை நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஐம்புலன்களையும் கேள்விக்குள் கொண்டுவாருங்கள். தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை, இரவில் என்னென்ன சத்தம் கேட்கும், காலில் என்ன பட்டது. முக்கியமாக, விலங்குகளைப் பற்றிக் கேளுங்கள். ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் பாதரச நச்சால் வந்த நோய் 1956 மே மாதம்தான் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அதற்கு முன்பே அங்கிருந்த மீனவக் குடும்பங்கள், மீனைத் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்று சுழன்று விழுவதைப் பார்த்திருந்தார்கள். மருத்துவர்களுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, என்னவென்று பெயர் மட்டும் தெரியவில்லை. "இங்கே முன்னாடி வந்த பறவை ஏதாவது இப்போ வர்றதில்லையா?" என்பது எந்தப் பேட்டியிலும் வீணாகாத கேள்வி.

இன்னொரு பொறி இருக்கிறது. பதிலைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடுவது. 'அந்தத் தொழிற்சாலை வந்த பிறகு குளம் எவ்வளவு நாசமானது?' என்று ஒரு தாளில் இருந்தது. குளம் நாசமானது, அதற்குக் காரணம் தொழிற்சாலை, இரண்டையும் நீங்களே சொல்லியாயிற்று. எதிரில் இருப்பவர் தலையாட்டினால் போதும். இது எவ்வளவு ஆபத்து என்பதை 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டினார்கள். கார் விபத்துப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்ற பொருளில் கேட்டவர்களுக்குச் சராசரி பதில் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டவர்களுக்கு 31.8. பார்த்த படங்கள் ஒன்றேதான். இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 'நொறுங்கியபோது' என்ற கேள்வியைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

அதனால் 'நாசம்', 'அழிவு', 'கொள்ளை' போன்ற சொற்கள் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அவர் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், அது அவருடைய சொல். நீங்கள் கேட்க வேண்டியது, "தண்ணீரில் ஏதாவது மாற்றம் பார்த்தீர்களா? முதலில் கவனித்தது என்ன?" என்பதுதான்.

இப்படிச் சலித்த பிறகு ஏழெட்டுக் கேள்விகள் மிஞ்சும். போதும். சுலபமானதை முதலில் வையுங்கள், சங்கடமானதைக் கடைசிக்கு முன்னால் வையுங்கள். கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றேதான்: "நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?" என் அனுபவத்தில், நோட்டை மூடப் போகும் நேரத்தில் கேட்கிற இந்தக் கேள்விக்குத்தான் பல தடவை சரக்கே வந்திருக்கிறது.

ஒத்திகை

வீட்டில் ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவர் "புரியல, என்ன கேக்கிற?" என்றால் கேள்வியை மாற்றுங்கள். கேள்வியை எழுத்துத் தமிழில் எழுதியிருந்தாலும் பேச்சுத் தமிழில் கேட்டுப் பழகுங்கள். 'தாங்கள் இவ்விடத்தில் எத்தனை ஆண்டுகளாக வசித்து வருகிறீர்கள்' என்று ஒப்பித்தால், எதிரில் இருப்பவரும் மேடையில் நிற்பதைப் போல விறைத்துக்கொள்வார். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க தாத்தா?" அவ்வளவுதான்.

ரெக்கார்டிங்

செல்போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். ஒரு முறை நல்ல பேட்டியின் நடுவில் அழைப்பு வந்து ரெக்கார்டிங் நின்றுபோனது. அது தெரியாமல் நாங்கள் இன்னும் இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அழைத்தது என் வீட்டிலிருந்து, கடைக்குப் போய்வரச் சொல்ல.

போனை வெறும் மேஜைமேல் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் விழும். ஒரு துண்டை மடித்து அதன்மேல் வைத்து, மைக் அவர் பக்கம் இருக்கும்படி திருப்புங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அதிலிருந்து தள்ளி உட்காருங்கள். ஒரு நிமிடம் பதிவு செய்து போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். போனில் இடமும் பார்த்துக்கொள்ளுங்கள். சுருக்காத வேவ் கோப்பு, சிடி தரத்தில், நிமிடத்துக்குப் பத்து எம்பி பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 600. எம்பி3 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 60 எம்பி அளவில் முடிந்துவிடும். பேச்சுக்கு அது தாராளம்.

போனை நம்பி நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். போன் குரலைத்தான் பிடிக்கும். கையை விரித்து "இத்தத்தண்டி மீன்" என்று காட்டியதை நோட்டில்தான் எழுத முடியும். அப்படிக் காட்டினால், "அப்படியே இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். சிரிப்பார்கள். ஆனால் உங்களுக்கு ஓர் அளவு கிடைத்துவிடும்.

அனுமதி

இதில் விளையாட்டு கூடாது. போவதற்கு முன்பே சொல்லி நாள் கேட்க வேண்டும். உட்கார்ந்ததும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: பதிவு செய்யலாமா, படம் எடுக்கலாமா, பெயரைப் போடலாமா. ஒன்றுக்குச் சரி சொன்னார் என்பதற்காக மற்றதற்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளைகளிடம் பேட்டி என்றால் அவர்கள் பெற்றோரிடம் அனுமதி வாங்க வேண்டும். நீங்களும் பெரியவர் ஒருவர் துணையில்லாமல் தெரியாத வீட்டுக்குப் போக வேண்டாம்.

ஒரு தடவை தன் வேலையிடத்தில் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று ஒருவர் மனம்விட்டுச் சொன்னார். பெயர் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மாணவர்களுக்கு ஒரே உற்சாகம். பள்ளிக் கண்காட்சியில் அந்த அட்டையை யார் வேண்டுமானாலும் படிப்பார்கள், அவருடைய முதலாளி உட்பட என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. பெயரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அவர் சரி சொன்னாலும், பின்னால் வருவதை யோசிப்பது பேட்டி எடுப்பவர் வேலை.

உட்கார்ந்த பிறகு

ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் போனைப் பார்த்துக்கொள்ளட்டும். நான்காவது ஆள் இருந்தால் சும்மா உட்கார்ந்து கவனிக்கட்டும். பெரும்பாலும் அவர்தான் நல்ல துணைக்கேள்வி கேட்பார்.

அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். மாணவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை, அந்த ஐந்து எண்ணுவதற்குள் வியர்த்துவிடும். ஆனால் நினைவைத் தேடிக்கொண்டிருப்பவர் அந்த இடைவெளியில்தான், "ஆங், இன்னொன்னு சொல்லணும்..." என்று ஆரம்பிப்பார். தாளில் இருக்கும் வரிசையும் வேதவாக்கு இல்லை. அவர் பேச்சில் புதிதாக ஒரு பெயர் வந்தால், ஒரு கரையோ, ஒரு மீனோ, ஒரு காற்றோ, அங்கேயே நின்று, "அது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். தாளில் இரண்டு கேள்வி விட்டுப்போனால் போகட்டும்.

நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும் எழுந்துவிட வேண்டும். அவராக இருக்கச் சொன்னால் வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்ததும்

அன்று மாலையே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதாமல் விட்டதை எல்லாம் எழுதுங்கள். இரண்டு நாள் போனால் உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது. பதிவைக் கேட்டு அப்படியே எழுதுவது பொறுமையான வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து மணி நேரம் ஆகிறது. முழுவதும் எழுத வேண்டாம், எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று குறித்துக்கொண்டு, தேவையான இடத்தை மட்டும் சொல் மாறாமல் எழுதுங்கள். அவர் "ஒரே நாத்தம்" என்றதை நீங்கள் 'துர்நாற்றம் வீசியது' என்று திருத்தக் கூடாது.

இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகாமல் இருக்கும். யார் சொல்வது சரி என்று என்னிடம் ஓடி வருவார்கள். இரண்டையும் போடுங்கள் என்பேன். பிறகு பழைய புகைப்படம், மழை அளவுப் பதிவு, நீங்களே எடுத்த அளவு என்று எதையாவது வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். நினைவுக்கு எதிரே ஓர் அளவு, அளவுக்கு எதிரே ஒரு நினைவு. இரண்டும் முட்டிக்கொண்டால் அங்கே அடுத்த பேட்டிக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது.

கடைசியாக, எழுதியதை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை, மதிப்பெண் வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் குளத்தங்கரைப் பெரியவரிடம் அடுத்த வருஷம் வேறொரு குழுவை அனுப்பினேன். முதல் கேள்வி: "முதல்முதலா இந்தக் குளத்துல இறங்கினப்போ கால்ல என்ன பட்டுச்சு ஐயா?" அவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேசினார். மணல் எங்கே இருந்தது, சேறு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் படி வரைக்கும் தண்ணீர் நின்றது எல்லாம் வந்தது. மாணவர்கள் அதை எழுதி, தட்டச்சு செய்து, கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேனா கேட்டு வாங்கினார். 'மணல்' என்ற சொல்லுக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கூரை போட்டு, 'பரு' என்று எழுதி, 'பருமணல்' ஆக்கிக் கொடுத்தார்.